மேல் வீட்டையும் கீழ் வீட்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கண்டியில் வீடு விற்பவர் முதலில் உங்களை ஜன்னலருகே கூட்டிப்போவார். திரையை விலக்கினால் ஹந்தானை மலைத்தொடர், அதன் நெற்றியில் மூடுபனி, கீழே நகரம். கொழும்புப் புழுக்கத்திலிருந்தோ யாழ்ப்பாணத்து வெயிலிலிருந்தோ வந்தவருக்கு அந்த ஒரு பார்வையே போதும். கை அட்வான்ஸ் பணத்தைத் தேடத் தொடங்கிவிடும். காட்சி உண்மையானதுதான். ஆனால் ஜன்னலிலிருந்து அவ்வளவு தூரம் தெரிகிறதென்றால் அந்த வீடு சரிவில் நிற்கிறது. சரிவில் நிற்கும் வீட்டுக்கு மேலே ஒருவர் குடியிருப்பார், கீழே ஒருவர் குடியிருப்பார். அவர்கள் மண்ணை எப்படி வெட்டினார்கள், மழைத்தண்ணீரை எங்கே திருப்பிவிட்டார்கள் என்பது உங்கள் உறுதியின் எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்காது.

2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. கண்டி புவெலிகட பகுதியில், பூர்ணவத்தையில், ஐந்து மாடிக் கட்டிடமொன்று சரிந்து அடுத்திருந்த வீட்டின் மேல் விழுந்தது. அந்த வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த கணவன், மனைவி, பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத அவர்களுடைய குழந்தை மூவரும் இறந்துபோனார்கள். முதலில் சரிந்தது அவர்களுடைய வீடு அல்ல, பக்கத்துக் காணியில் எழுந்து நின்ற கட்டிடம். அந்தக் குடும்பம் தன் வீட்டு உறுதியை எத்தனை முறை சரிபார்த்திருந்தாலும் அந்த விடியலைத் தடுத்திருக்க முடியாது.

வீடு வாங்கும்போது நாம் நொத்தாரிசிடம் போகிறோம். காணிப் பதிவகத்தில் முப்பது வருட வரலாற்றைத் தேடச் சொல்கிறோம். நில அளவை வரைபடம், வீதிக் கோட்டுச் சான்றிதழ், கட்டிட அனுமதி, இணக்கச் சான்றிதழ் என்று ஒரு கோப்பு சேர்கிறது. இவை எல்லாம் வேண்டியவை, ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் இந்தக் கோப்பு பெரும்பாலும் உங்கள் உரிமையைத்தான் காக்கும். கண்டி போன்ற ஊரில் மண், தண்ணீர், அந்த இடத்தை ஆளும் சபையின் கஜானா ஆகிய மூன்றையும் தனியாக விசாரிக்க வேண்டும். மூன்றும் ஒரே விஷயத்தின் மூன்று முகங்கள் என்றே நான் நினைக்கிறேன். உங்கள் வீட்டுக்கு மேலே போகும் வீதியின் கானைச் சபை துப்புரவாக்கவில்லையென்றால், அந்தத் தண்ணீர் உங்கள் பின்பக்க மண்மேட்டில்தான் இறங்கும்.

மண்ணிலிருந்து தொடங்குவோம். கண்டி மலைகளின் அடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. அதன் மேல், காலங்காலமாக உக்கி மண்ணான ஒரு போர்வை கிடக்கிறது; சில இடங்களில் மெல்லியது, சில இடங்களில் பல மீட்டர் தடிப்பு. நாட்கணக்கில் மழை பெய்யும்போது நீர் அந்த மண்ணுக்குள் ஊறி இறங்குகிறது. மண் கனக்கிறது, உள்ளே நீரின் அழுத்தம் ஏற, மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி தளர்கிறது. ஒரு கட்டத்தில் போர்வை பாறையை விட்டு வழுக்குகிறது. மரம் செறிந்த, யாரும் கைவைக்காத சரிவு இந்தப் பாரத்தை நூற்றாண்டுகளாகச் சுமந்திருக்கலாம். அங்கே ஒருவர் வீடு கட்டச் சமதளம் வேண்டுமென்று மேட்டை நேர்குத்தாக வெட்டுகிறார். வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி முற்றத்தை அகலமாக்குகிறார். மலசலகூடக் குழியைச் சரிவிலேயே தோண்டுகிறார். பலா மரத்தை விற்கிறார். ஒவ்வொன்றும் சின்னக் காரியம்தான். ஆனால் மலையின் பாதத்தில் இருந்த தாங்கலை எடுத்து, தலையில் பாரத்தை ஏற்றி, நடுவில் தண்ணீரும் ஊற்றியாயிற்று.

2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா புயல் நாட்டைக் கடந்தபோது இதைத்தான் பார்த்தோம். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலே இல்லாத கண்டி மாவட்டம்தான் எல்லா மாவட்டங்களிலும் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. அந்த வாரத்துக்கு முன்பே, நவம்பர் 22ஆம் திகதி, கொழும்பு–கண்டி வீதியில் பஹல கடுகண்ணாவையில் பாறையும் மண்ணும் சரிந்து ஆறு பேர் இறந்திருந்தார்கள். அடிக்கடி தேநீர் குடிக்க நிறுத்திப்போன வீதி அது. நம்மில் பலருக்கு அந்த வளைவு கண்ணுக்குள் நிற்கும்.

மலையக மாவட்டங்களில் கட்டிட அனுமதி பெற முன்பு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். ஊரில் எல்லோரும் ‘என்.பி.ஆர்.ஓ. ரிப்போர்ட்’ என்பார்கள். இந்த நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களையும் வெளியிட்டிருக்கிறது. தரகர் சிலர் அந்த வரைபடத்தைக் கைபேசியில் காட்டி, “பாருங்கள், இங்கே சிவப்பு இல்லை” என்பார்கள். அதை எப்படிப் பார்க்க வேண்டுமென்று சொல்கிறேன். அவற்றில் விரிவான வரைபடங்களின் அளவு 1:10,000. பத்துப் பேர்ச்சஸ் காணி ஏறக்குறைய 250 சதுர மீட்டர். அதாவது பக்கத்துக்குப் பதினாறு மீட்டர். அந்த வரைபடத்தில் அது ஒன்றரை மில்லிமீட்டர் சதுரம், ஒரு கடுகு அளவு. கடுகுக்குள் உங்கள் பின்பக்க வெட்டு மேடு தெரியாது. அந்தப் பகுதி எப்படிப்பட்டது என்பதை மட்டும் வரைபடம் சொல்லும். உங்கள் காணிக்கென்று அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து எழுதிய அறிக்கைதான் பேச்சுக்குரியது.

அந்த அறிக்கை இருக்கிறதென்று விற்பவர் சொன்னால், அதன் கடைசிப் பக்கங்களை வாசியுங்கள். அனுமதி கிடைத்தது என்பதோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் அனுமதி பெரும்பாலும் நிபந்தனைகளோடுதான் வரும். மேட்டை இவ்வளவு உயரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, இந்த இடத்தில் மண்ணைத் தாங்கும் சுவர் வேண்டும், கூரைத் தண்ணீரைக் குழாய்வழியே கானில் சேர்க்க வேண்டும் என்று இருக்கும். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு காணியைச் சுற்றி நடந்து, சொன்னது செய்யப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு மாடிக்கென வாங்கிய அறிக்கையின் பெயரில் மூன்று மாடி எழுந்து நிற்பதும் நடக்கிறது. பழைய வீடென்றால் அறிக்கையே இருக்காது. அப்போது நீங்களே விண்ணப்பிக்கச் செய்து, அது வரும்வரை அட்வான்ஸைப் பிடித்துவையுங்கள்.

நிறுவனம் மழைக்காலத்தில் விடும் எச்சரிக்கைகளின் கணக்கையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்கச் சொல்வார்கள். 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்வார்கள். முதற்படியை ஒரு கூரையின் மேல் வைத்துப் பாருங்கள். நூறு சதுர மீட்டர் கூரையில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் 7,500 லீட்டர் தண்ணீர். வீடுகளின் மேல் வைக்கிறார்களே ஆயிரம் லீட்டர் தாங்கி, அதில் ஏழரை. ஒரே நாளில், ஒரே கூரையிலிருந்து. உங்களுக்கு மேலே ஐந்து கூரைகள் இருந்தால் இதை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீருக்குப் போக வழி உண்டா? கண்டியில் வீடு பார்க்கப் போகும் எவரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மாபிள் தரையும் சமையலறை அலுமாரியும் பிறகு வரட்டும்.

ஆகவே மேலே ஏறுங்கள். மேல் வீட்டின் பின்பக்கத்தையும் அதற்கு மேலிருக்கும் வீதியின் கானையும் பாருங்கள். மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்தால் மண் மெல்ல நகர்கிறது. சுவரில் கோணலாக ஓடும் வெடிப்பு, திறக்க மறுக்கும் கதவு, தரைக்கும் சுவருக்கும் இடையே புதிதாகச் சீமெந்து பூசிய கோடு, காய்ந்த நாளிலும் ஈரமாக இருக்கும் மண்மேடு, இதுவரை இல்லாத இடத்தில் திடீரென ஊறும் நீர் ஆகிய எல்லாம் அடையாளங்கள். புதுப் பெயின்ட் அடித்த வீட்டில் இவற்றைத் தேடக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தாங்குசுவரில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, அவை அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். துளையில்லாத சுவர் எவ்வளவு தடிப்பானாலும் பின்னால் தேங்கும் நீரின் பாரத்தைச் சுமக்கும்படி விடப்பட்டிருக்கிறது.

ஹாங்காங்கில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. 1972 ஜூன் 18ஆம் திகதி அங்கே ஒரே நாளில் நடந்த இரண்டு மண்சரிவுகளில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு 1977இல் சரிவுகளைக் கவனிக்கவென்றே ஓர் அரச அலுவலகத்தை அமைத்தார்கள். இன்று அங்கே மனிதர் வெட்டிய சரிவுகள் ஏறத்தாழ 60,000 பதிவேட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அதைப் பராமரிக்கும் பொறுப்பு அரசுடையதா, காணிக்காரருடையதா என்பதை வீடு வாங்கப் போகும் எவரும் தேடிப் பார்க்கலாம். கண்டியில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண்மேடு யாருடையது என்று கேட்டால், மேல் வீட்டுக்காரர் கீழே கைகாட்டுவார், கீழ் வீட்டுக்காரர் மேலே கைகாட்டுவார், இருவரும் சேர்ந்து சபையைக் கைகாட்டுவார்கள். நமக்கும் அப்படியொரு பதிவேடு வேண்டும். அது வரும்வரை, அந்த மேட்டின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்பதை நில அளவையாளரை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

திகன, ஹாரகம பக்கம் காணி பார்ப்பவர்களுக்கு இன்னொரு சொல். 2020 ஆகஸ்ட் 29ஆம் திகதியும் அதன் பின் சில மாதங்களிலும் விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சுற்றிய கிராமங்களில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்ததாக மக்கள் முறையிட்டார்கள். பயந்து ஓட வேண்டியதில்லை. அந்தப் பகுதியில் பழைய வெடிப்புள்ள வீடென்றால், வெடிப்பின் வயதை ஒரு பொறியியலாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

மலையில் ஆபத்தென்றால் பள்ளத்தில் வாங்கலாமே என்று தோன்றும். பள்ளத்துக்கு வேறு கணக்கு. ஏ9 வீதியில் கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே இருக்கும் அக்குறணையைத் தெரியாதவர் இல்லை. தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் வியாபார ஊர். நகரத்தின் முதுகைத் தொட்டு ஓடுகிறது பிங்கா ஓயா. ஓயாவின் கரையை நெருக்கிக் கடைகளும் கட்டிடங்களும் வளர்ந்தன, ஓயா ஒடுங்கியது. இன்று பலத்த மழை பெய்தால் வீதியில் தண்ணீர், கடைக்குள் தண்ணீர். சில வருடங்களுக்கு ஒருமுறை என்றிருந்தது போய், ஒரே வருடத்தில் பலமுறை சரக்கைத் தூக்கி மேலே வைக்கும் நிலை வந்திருக்கிறது. அங்கே கடையோ வீடோ வாங்குபவர் கட்டிடத்தின் வயதைக் கேட்பதற்கு முன், தண்ணீர் ஏறிய கோட்டைக் கேட்க வேண்டும். சுவரில் அது இருக்கும். பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்துக் கடைச் சுவரில் இருக்கும்.

மகாவலிக் கரையும் அப்படியே. கம்பளை, கெட்டம்பே, பேராதனைப் பக்கத்து மூத்தவர்கள் 1947 வெள்ளத்தைச் சொல்வார்கள். இளையவர்கள் கேட்டுவிட்டுப் பழங்கதை என்றார்கள். 2025 நவம்பரில் ஆறு திரும்ப வந்து பேராதனை ரயில் பாலத்தையே உடைத்துக் காட்டியது. நகரத்துக்குள்ளே மெத எல என்னும் கால்வாய் ஓடுகிறது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டுவித்த கண்டி வாவியின் மிகுதிநீர் இதன் வழியேதான் மகாவலிக்குப் போகிறது. போகிற வழியில் வீடுகளின், கடைகளின் கழிவுநீரையும் அள்ளிக்கொண்டு போகிறது. ஜப்பானின் ஜைக்கா கடனில் கன்னொருவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, நகர மையத்துக் கட்டிடங்களை அதனோடு இணைக்கும் திட்டம் வந்தது நல்ல காரியம். வாங்கப் போகும் வீடு அந்த இணைப்புக்குள் வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கழிவு எங்கே போகிறது? குழி சொந்தக் காணியில் இருக்கிறதா, குழாய் மெத எல பக்கம் போகிறதா?

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்டி நகரம் ஒரு கிண்ணம். சுற்றிலும் மலை, வாகனப் புகை எளிதில் கலைந்து போவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒலிவர் இலெப்பெரும பல வருடங்களாக இதை அளந்து எச்சரித்து வந்தவர். குழந்தைகளும் ஆஸ்துமாக்காரரும் உள்ள குடும்பம் பஸ் நிலையத்துக்கும் பாடசாலை வாசலுக்கும் அருகே வீடு தேடுகிறது, பயணம் மிச்சமாகும் என்று. காலை ஏழரை மணிக்கு அந்த வாசலில் அரை மணி நேரம் நின்று மூச்சுவிட்டுப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

ஹந்தானைப் பக்கம் வாங்குபவர் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. 2010இல் ஹந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் நினைத்ததைக் கட்ட முடியாது. உறுதி சுத்தமாக இருக்கும், காணி உங்களுடையதாக இருக்கும், கட்ட மட்டும் அனுமதி கிடைக்காது. மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சொல் வேண்டாம்.

இனிச் சபைக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் வீடு வாங்கும்போது இந்தப் பக்கமே திரும்புவதில்லை.

கண்டி மாநகர சபைக்குள் இரவில் உறங்குவோர் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்தான். பகலில் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் தலதா மாளிகைக்கும் வருவோர் அதைப்போலப் பல மடங்கு. எசல பெரஹராக் காலத்தைச் சொல்லவே வேண்டாம். வருகிறவர்கள் போடும் குப்பையை அள்ளுவதும் அவர்கள் நடந்த வீதியைக் கூட்டுவதும் சபை. ஆனால் மதிப்பீட்டு வரியைக் கட்டுவது இரவில் உறங்குவோரும் இங்கே கட்டிடம் வைத்திருப்போரும். வழிபாட்டுத் தலங்களுக்கு அந்த வரி இல்லை. கண்டியிலோ அவை ஏராளம். பகலில் பெரிய நகரத்துக்குச் செலவு செய்து, இரவில் சிறிய நகரத்திடம் வரி வாங்கும் சபை இது. சபையில் யார் இருந்தாலும் இந்தக் கணக்கு அவர்களை நெருக்கும்.

அந்த நெருக்கடியின் வாசனையைக் கொஹாகொடையில் முகரலாம். கட்டுகஸ்தோட்டைப் பக்கம், மகாவலிக் கரையோரமாக, பல பத்தாண்டுகளாகக் கண்டியின் குப்பை அங்கே மேடாகக் குவிகிறது. மழை பெய்தால் கறுப்பு நீர் வடிந்து ஆற்றில் சேர்கிறது. அதற்குக் கீழே பொல்கொல்ல அணை. அங்கிருந்து மகாவலித் தண்ணீர் சுரங்கம் வழியாக உக்குவெலைக்கும் அப்பால் வறண்ட வலயத்து வயல்களுக்கும் திருப்பப்படுகிறது. குப்பைமேடு சரிந்தால் என்னவாகும் என்பதற்குக் கொழும்பு ஏற்கெனவே பாடம் சொல்லியிருக்கிறது: 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்லையில் மேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அங்கே பலர் மேடு மலையாவதற்கு முன்பே குடியிருந்தவர்கள். கொஹாகொடைக்கு அருகே காணி மலிவாகக் கிடைக்கும். மேட்டின் அடிவாரத்திலிருந்து எவ்வளவு தூரம், காற்று எந்தத் திசையில் வீசுகிறது, கிணற்று நீரைப் பரிசோதித்தார்களா என்று கேட்காமல் அந்த மலிவை நம்பாதீர்கள்.

இந்தக் குப்பையைத் தினமும் அள்ளுவோரில் கணிசமானோர் நம் மக்கள். மஹியாவையில் தலைமுறை தலைமுறையாக நெருக்கமான லயன் வீடுகளில் வாழும் மாநகர சபைத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் அவர்கள். நகரத்துக் கானைத் திறந்துவைப்பவர்களின் சொந்த வாசலில் கான் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். சபை எதற்கு முதலில் பணம் ஒதுக்குகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் காட்டாது.

சபையின் பணம் எங்கிருந்து வருகிறது? மதிப்பீட்டு வரி, கடை வாடகை, அனுமதிக் கட்டணங்கள், தண்ணீர்க் கட்டணம் போன்றவை சொந்த வருமானம். ஊழியர் சம்பளத்துக்கு அரசாங்கம் மாகாணத்தின் வழியே மானியம் தருகிறது. இவற்றோடு நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று முத்திரைத் தீர்வை. உறுதி எழுதும்போது முதல் ஒரு லட்சம் ரூபாய்க்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும் கட்டுகிறீர்களே, அந்தப் பணம் மாகாணம் வழியாகக் காணி இருக்கும் சபைக்குத்தான் போய்ச் சேர வேண்டியது. குடிபுகும் முன்பே சபைக்கு ஒரு பெரிய தொகை கொடுத்துவிடுகிறீர்கள். கேள்வி கேட்கும் உரிமை அன்றே தொடங்கிவிட்டது.

என்ன கேட்பது? வருடாந்தப் பாதீடு சபையில் நிறைவேறுகிறது; அது பொது ஆவணம். அதில் சம்பளமும் எரிபொருளும் போக, புதிதாக எதையாவது கட்டவும் திருத்தவும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். மிஞ்சுவது சொற்பமென்றால், உங்கள் ஒழுங்கையின் தாங்குசுவர் இடிந்தால் அதைக் கட்டப்போவது நீங்கள்தான். மதிப்பீட்டு வரி நிலுவை எவ்வளவு என்பதைக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையில் பாருங்கள். நிலுவை வருடந்தோறும் ஏறினால் சபைக்கு வசூலிக்கும் வலு இல்லை என்று பொருள். உங்கள் வட்டாரத்தின் கான், வீதி, குப்பைச் சேகரிப்புக்கு என்ன ஒதுக்கினார்கள், என்ன செலவழித்தார்கள் என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் உத்தியோகத்தர் முடிவைச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள்.

கேட்க ஆளே இல்லாத காலமும் இருந்தது. 2023 மார்ச் 19ஆம் திகதியோடு உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. பணமில்லை என்று தேர்தல் தள்ளிப்போனது. 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களித்தோம். இரண்டு வருடங்களுக்கு மேல் ஆணையாளர்களும் செயலாளர்களும் சபைகளை நடத்தினார்கள். இப்போது வட்டார உறுப்பினர் இருக்கிறார். வாங்கப் போகும் வீட்டின் வட்டார உறுப்பினரைப் போய்ச் சந்தியுங்கள். அவர் பதில் சொல்லும் விதமே ஒரு தகவல்.

மாநகர எல்லையைத் தாண்டினால் வேறு சபைகள்: கங்கவட்ட கோறளை, குண்டசாலை, அக்குறணை, யட்டிநுவர, உடுநுவர, பாத்ததும்பர, ஹாரிஸ்பத்துவ என்று பிரதேச சபைகள் நகரத்தைச் சூழ்ந்திருக்கின்றன. தபால் முகவரி ‘கண்டி’ என்றிருக்கும், சபை வேறாக இருக்கும். பிரதேச சபைகளில் அபிவிருத்தியடைந்த பகுதியென அறிவித்த இடங்களில்தான் மதிப்பீட்டு வரி. “இங்கே வரியே இல்லை” என்று தரகர் அதைச் சிறப்பாகச் சொல்வார். வரி இல்லாத இடத்துக்குக் குப்பை லொறியும் தெருவிளக்கும் வருவது அபூர்வம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

துண்டு போட்டு விற்கும் காணிகளில் இன்னொரு பொறி உண்டு. பழைய தோட்டத்தை வாங்கி, இருபது முப்பது துண்டாக்கி, நடுவில் இருபது அடிப் பாதை வெட்டி விற்பார்கள். அந்தப் பாதை சபைக்கு முறையாக ஒப்படைக்கப்பட்டதா? ஒப்படைக்காத பாதை தனியார் பாதை. அது குழி விழுந்தாலும் அதன் கான் உடைந்தாலும் சபை அதில் பணம் போடாது. மலைச் சரிவில் கானில்லாத பாதை ஒவ்வொரு மழைக்கும் வாய்க்காலாகும். அது கொண்டுவரும் மண் கடைசித் துண்டுக் காணிக்காரரின் முற்றத்தில் நிற்கும். கடைசித் துண்டுதான் எப்போதும் மலிவு.

தண்ணீர்க் கட்டணச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். நகரத்தில் மாநகர சபையே கெட்டம்பேயில் மகாவலி நீரைச் சுத்திகரித்தும், துனுமடலாவக் காட்டின் பழைய நீர்த்தேக்கங்களிலிருந்து எடுத்தும் வழங்குகிறது. வெளியே பல இடங்களில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. உயரமான இடத்து வீடுகளுக்கு இரண்டிலும் அழுத்தம் குறையலாம். பக்கத்து வீடுகளின் கூரையில் எத்தனை தாங்கிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரு வீட்டுக்கு மூன்று தாங்கி இருந்தால் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. மதிப்பீட்டு வரி நிலுவை இல்லையென்ற சீட்டை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். நிலுவை காணியோடுதான் நிற்கும். உறுதி முடிந்ததும் சபைப் பதிவேட்டில் பெயரை மாற்றுங்கள். வருட வரியை ஜனவரி 31க்குள் முழுதாகக் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு.

இவ்வளவும் பார்த்தால் கண்டியில் வாங்க ஒரு வீடும் மிஞ்சாது என்று நினைக்காதீர்கள். குறையில்லாத இடம் எங்குமில்லை. கண்டுபிடித்த குறைக்கு ஒரு விலை எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான். தாங்குசுவருக்கு என்ன செலவாகும், கூரைத் தண்ணீரைக் கானில் சேர்க்க எவ்வளவு குழாய், பாதையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று ஒரு பொறியியலாளரிடம் எழுத்தில் வாங்கி, அதை விலையிலிருந்து கழிக்கக் கேளுங்கள். ஆனால் நகரும் மண்ணுக்கும் ஆற்றின் பாதைக்கும் கழிவு விலை கிடையாது. அவற்றை விட்டுவிட வேண்டும். எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிட வேண்டும்.

தோட்டத்து லயன்களிலிருந்து சொந்தக் காணிக்குப் போகும் குடும்பங்களுக்கும் இதே கேள்விகள் உரியவை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் புதைந்துபோன தோட்டத்து மக்கள் அந்த இடத்தைத் தாங்களாகத் தேர்ந்தவர்கள் அல்ல. இலவசமாகக் கிடைக்கும் காணி என்றாலும் அறிக்கையைக் கேளுங்கள். கேட்பது நன்றிகெட்டத்தனம் அல்ல.

வெயில் நாளில் பார்த்துப் பிடித்த வீட்டை ஐப்பசி கார்த்திகையில், அடைமழை கொட்டும் ஒரு பின்னேரம், குடையோடு தனியாகப் போய் மறுபடி பாருங்கள். தரகர் வேண்டாம். முதலில் மேல் வீடு, பிறகு கீழ் வீடு. கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, “உங்களுக்கு மேலேயிருந்து தண்ணீர் எப்படி வருகிறது?” என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு முடிக்கும்வரை அட்வான்ஸ் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.